அது ஆடு இல்லீங்க

அது ஆடுன்னு முதல்முதல்ல சொன்னான் பாருங்க ஒருத்தன், அவன் யாருன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும் சார். ஒரு மனுசனோட பொழைப்பை ஒரே வார்த்தையில கவுத்துட்டுப் போயிருக்கான். இந்நேரம் எங்கேயோ உக்காந்து நிம்மதியா இட்லி தின்னுட்டிருப்பான். அது அவன் தொண்டையில அடைக்கணும்.

ஐயோ, உங்களைச் சொல்லலை. நீங்க போனை எடுங்க. எடுத்துப் பேசுங்க, நான் எங்கேயும் போகப்போறதில்லை. சென்னை போற வரைக்கும் இந்த சீட்டுதான்.

பேசிட்டீங்களா. சரி. உங்க ரிங்டோனைத்தான் சொல்ல வந்தேன். 'போறவளே போறவளே, பூட்டைத் தொறந்துட்டுப் போ.' அது முடிஞ்சதும் ஒரு 'மே' வருதே, நல்லா இழுத்து, கடைசியில தேம்புற மாதிரி. அது யாரு?

ஆடா? பார்த்தீங்களா. கண்ணாடி போட்டிருக்கீங்க, பேப்பர் படிக்கிறீங்க, நீங்களே ஆடுன்னா மத்தவனை நான் என்ன கேக்கிறது?

அது நான் சார்.

வாயால இல்லை, கையால. இதோ என் மடியில பாதியும் உங்க மடியில பாதியுமா படுத்திருக்கே இந்தப் பெட்டி, இந்தக் கீபோர்டுல வாசிச்சது. வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க. மேலே வெச்சா ஆடி ஆடி, விரல் வெச்சு அமுக்குற கட்டை கழண்டுரும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டப்போ, மடியில இருக்கிறது லக்கேஜ் கிடையாது, குழந்தை மாதிரின்னு சொன்னேன். 'ஒரு மடியில அடங்கினா குழந்தை, அடுத்தவர் மடிக்குப் போனா லக்கேஜ்'னான். 'அடுத்தவர் இல்லய்யா, சொந்தக்காரர்'னு உங்களைக் கை காட்டினேன். அதுக்குத்தான் அவன் உங்களை அப்படிப் பார்த்தான். யாராவது கேட்டா நீங்க எனக்குச் சித்தப்பா மகன்.

என் பேர் சார்லஸ் மாசிலாமணி. அரக்கோணம். சாலிகிராமம் பக்கம் வந்து கீபோர்டு மாசின்னு கேட்டா டீக்கடையில சொல்லுவாங்க. எனக்கு வாத்தியார் கிடையாது, நோட்ஸ் கிடையாது. ஆர்க்கெஸ்ட்ரா வேன்ல ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கினவன் நான். வாசிக்கிறவன் சாப்பிடப் போற நேரத்துல தொட்டுப் பார்ப்பேன். வந்து பார்த்துட்டு முதுகுல ஒண்ணு வெப்பான். அவன் அடிக்க அடிக்க நான் கத்துக்கிட்டேன். அவன் கைவலியில விட்டுட்டான், நான் விடலை.

செஷன் கீபோர்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். மியூசிக் டைரக்டர் ஒரு பாட்டுப் போடுறார். இந்த இடத்துல புல்லாங்குழல், அந்த இடத்துல வீணைன்னு மனசுல வெச்சிருக்கார். குழல்காரர் அடுத்த வாரம்தான் வருவார். அது வரைக்கும் அந்த இடம் காலியா இருந்தா படத்தோட டைரக்டருக்குப் பாட்டு புரியாது, புரொட்யூசர் தூங்கிடுவார். அதனால, 'மாசி, குழல் மாதிரி ஒரு டம்மி வாசி'ம்பாங்க. நான் உருகி உருகி வாசிப்பேன். அடுத்த வாரம் நிஜக் குழல் வரும். லைவ்னு சொல்லுவாங்க. லைவ் ஏறினதும் டம்மியை அழிச்சிருவாங்க. அதுதான் தொழில் வழக்கம். கல்யாணப் பந்தியில ஆள் வர்ற வரைக்கும் நாற்காலியில கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா? நான் அந்தக் கைக்குட்டை.

நான் வாசிக்காத வாத்தியம் கிடையாது சார். குழல் வாசிச்சிருக்கேன், நாதஸ்வரம் வாசிச்சிருக்கேன், சங்கு ஊதியிருக்கேன், எல்லாம் இந்தப் பத்து விரலால. ஆனா எந்தப் பாட்டுல தேடினாலும் நான் கிடைக்கமாட்டேன்.

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. பேரம் பேசாம நான் பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன். சுகவனம் சார்னு ஒரு மியூசிக் டைரக்டர், அவர்கிட்டத்தான் நான் வழக்கமா வாசிக்கிறது. நேரா போய்க் கேட்டேன். 'சார், பாட்டுக்கு ரெண்டு பிட்டு என்னோடது அழிக்காம விடுங்க.' முடியாதுன்னார். ஒரு பிட்டுன்னேன். முடியாதுன்னார். அரை பிட்டு. கடைசியில, 'பாட்டு முடிஞ்சு தேய்ஞ்சு போகும்ல, அந்த இடத்துல உன் சத்தத்தை விட்டு வெக்கிறேன்'னு இறங்கி வந்தார். ஜெயிச்சுட்டேன்னு வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன். பாட்டு வந்தது. தேய்ஞ்சது, தேய்ஞ்சது, நின்னே போச்சு. போய்க் கேட்டா, 'இருக்கே மாசி, சத்தம் சுத்தமா இறங்கினப்புறம் நீதான் வர்றே'ங்கிறார்.

என் கஷ்டம் பாட்டுல இல்லாதது கூட இல்லை. என் மாமனார்.

சவரிமுத்துன்னு பேர். அரக்கோணம் பஜார்ல கறிக்கடை வெச்சிருந்தவர். கல்யாணத்தப்பவே கேட்டார், 'மாப்ளை எந்தப் பாட்டுல வாசிச்சிருக்கார்?' அடுத்த படம் வரட்டும் மாமான்னேன். அது வாயில வந்துருச்சு. அன்னையிலேர்ந்து புதுப் பாட்டு வந்தாப் போதும், மாமனார், மச்சான், எல்லாரும் ரேடியோவைச் சுத்தி உக்காந்துருவாங்க. என் சம்சாரம் ரோஸ்லின் காபி போட்டுக் குடுப்பா. நான் விரலைத் தூக்கி, 'இப்ப வரும் பாருங்க, இப்ப'ம்பேன். வரும். அந்த இடத்துல வேற எவனோ வருவான். மாமனார் காபியைக் குடிச்சுட்டு, 'நல்லா இருக்கு மாப்ளே'ன்னுட்டு எந்திரிப்பார். அந்த 'நல்லா இருக்கு' இருக்கே, அதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்.

ஊர்ல அவர் என்ன சொல்லிட்டிருந்தார் தெரியுமா? மாப்ளை மெட்ராஸ்ல கரண்ட் ஆபீஸ்ல இருக்கார்னு. நான் கரண்டைத் தொட்டாலே உதறுற ஆளு.

அதுக்காகத்தான் சார் இந்தப் பாடு. ஒரே ஒரு பாட்டுல, ஒரே ஒரு இடத்துல, 'இது எங்க மாப்ளை'ன்னு அந்த மனுசன் வாயால சொல்லணும். வேற எதுவும் வேணாம்.

இப்ப இந்தக் கீபோர்டு. இதை பர்மா பஜார்ல செகண்ட்ஹாண்டா வாங்கினேன். முன்னாடி ஒரு கார்ட்டூன் டப்பிங் தியேட்டர்ல இருந்ததாம். விக்கிறவன் பீத்திக்கிட்டான்: 'உள்ளே யானை இருக்கு, குதிரை இருக்கு, ஆடு, மாடு, கழுதை எல்லாம் இருக்கு சார், அதுக்கே தனியாத் தரணும்.' நான் விடுவேனா? 'எனக்கு மிருகம் வேணாம், அத்தனையும் கழிச்சுட்டு விலை சொல்லு'ன்னேன். 'கழிக்க முடியாது, உள்ளேயே இருக்கும்'னான். 'அப்ப இடைஞ்சலுக்கு நீ எனக்குக் குறைக்கணும்'னேன். உச்சி வெயில்ல ஆரம்பிச்ச பேரம், அவன் கடையைப் பூட்டுற வரைக்கும். கடைசியில ஒவ்வொரு மிருகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சான். ஆட்டுக்குத்தான் ரொம்பக் குறைச்சான். அப்ப எனக்குத் தெரியலை.

போன கோடையிலதான் நீங்க வெச்சிருக்கிற அந்தப் பாட்டு. காதலி விட்டுட்டுப் போறா, ஹீரோ வாசல்ல நின்னு அழறான். பல்லவி முடிஞ்சதும் ஷெனாய் அழணும். ஷெனாய்க்காரர் ஊர்ல இல்லை, டம்மி நான். அன்னைக்குப் பார்த்து ஏசி வேலை செய்யலை. நாங்க எந்த பட்டன் எந்தச் சத்தம்னு பிளாஸ்திரி ஒட்டி எழுதி வெப்போம். வேர்வையில பிளாஸ்திரி உரிஞ்சு முழங்கைல ஒட்டிக்கிச்சு. வயலின் சத்தத்துலேர்ந்து ஷெனாய்க்கு மாறணும். பாட்டு ஓடுது. விரல் போச்சு. அமுக்கிட்டேன்.

'மே... ஏ... ஏ.'

தப்பான பட்டன்னு பின்னாடி சில பேர் சொன்னாங்க. தப்பு இல்லை சார் அது. விரலுக்குத் தெரியும். என் விரல் அந்த இடத்துல யோசிச்சு ஒரு முடிவு எடுத்துச்சு. மொத 'மே' வந்ததும் வேற எவனா இருந்தாலும் கையை எடுத்திருப்பான். நான் எடுக்கலை. சுருதியைப் பிடிச்சேன், பக்கத்துல சுருதியை ஏத்தி இறக்குற சக்கரத்தை மெதுவா உருட்டி அந்த ஆட்டைக் கரகரப்ரியாவுல அழவெச்சேன். முடிச்சுட்டு நிமிர்ந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படத்தோட டைரக்டர் கண்ணைத் துடைச்சுட்டிருக்கார். 'சார், இதான் சார் என் படம்'ங்கிறார். சுகவனம் சார், என்னமோ அவரே ராத்திரியெல்லாம் முழிச்சுக் கண்டுபிடிச்ச மாதிரி, 'உங்களுக்காகத்தான் யோசிச்சேன்'னார்.

எனக்கு வயிறு எரியுதா இல்லையா? அந்த நேரம் பார்த்து புரொடக்‌ஷன் மேனேஜர் கிருபாநிதி கதவைத் தொறந்துட்டு வர்றான். நல்லவன்தான், மூளையைத்தான் வீட்டுல வெச்சுட்டு வருவான். 'என்ன மாசிண்ணே, உள்ளே ஆடு கத்துது?'

எனக்கு வந்தது பாருங்க கோவம். 'ஆமாய்யா, ஆடுதான்! நிஜ ஆடு. குடியாத்தத்துலேர்ந்து வரவழைச்சு மேசைக்கடியில கட்டி வெச்சிருக்கேன். போ, போய்த் தழை வாங்கிட்டு வா'ன்னு கத்தினேன்.

அவன் நிஜமாவே போய் ரெண்டு கட்டு அகத்தித் தழை வாங்கிட்டு வந்து நிக்கிறான் சார். சிரிக்காதீங்க.

இதை ஏன் சொல்றேன்னா, நான் எவ்வளவு கோவக்காரன்னு உங்களுக்குத் தெரியணும். ஆனா ஒண்ணு, கோவத்துல என்ன பேசினேன்னு நான் ஞாபகம் வெச்சுக்கிறதில்லை. அது என்கிட்ட இருக்கிற நல்ல குணம்.

சரி, டம்மி ஆச்சு. வழக்கப்படி என்ன செய்யணும்? அழிச்சுட்டு லைவ் போடணும். சுகவனம் சார் கிருபாநிதியைக் கூப்பிட்டு, 'லைவ் ஆடு ஒண்ணு ஏற்பாடு பண்ணு'ன்னார். குழலுக்குக் குழல்காரர் வந்தார், சரி. வீணைக்கு வீணைக்காரம்மா வந்தாங்க, சரி. ஆட்டுக்கு ஆடே வந்து என்னை அழிக்குமா? என் தொழில்ல இதுக்குக் கீழே இறங்க இடம் கிடையாது சார்.

கிருபாநிதி குடியாத்தம் போய் ஒண்ணைக் கொண்டாந்தான். ஏன் குடியாத்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை, சைதாப்பேட்டையில இல்லாத ஆடா? வெள்ளாடு, காதுல கறுப்புப் புள்ளி. பேர் மல்லிகா. கூடவே அதோட சொந்தக்காரர், ஏகாம்பரம்னு ஒருத்தர், இஸ்திரி போட்ட சட்டையில வர்றார். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி சார் அங்கே. மல்லிகாவுக்குக் கம்பளம் விரிச்சாங்க. மைக்கை ஆட்டு உயரத்துக்கு இறக்கினாங்க. கிருபாநிதி செல்போன்ல போட்டோ எடுத்துத் தள்றான்.

மல்லிகா வாயைத் திறக்கலை. சுவர்ல சத்தம் எதிரொலிக்காம இருக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பாங்க, அதை நின்னு நிதானமாத் தின்னுது. 'கூச்சப்படுறா சார், புது இடம்ல'ங்கிறார் ஏகாம்பரம்.

அப்பதான் சுகவனம் சார் என் தலையில அந்தக் கல்லைப் போட்டார். 'மாசி, உன் டம்மியை ஒரு தடவை அவளுக்கு வாசிச்சுக் காட்டு.'

ஆட்டுக்கு நான் ஆடு வாசிச்சுக் காட்டணும். வாசிச்சேன் சார். வேறென்ன பண்றது? நான் கையைத் தூக்குவேன், 'மே'ன்னு வாசிப்பேன், உடனே கிருபாநிதி ஒரு கொத்து அகத்தியை அது வாயில வெப்பான், உற்சாகப்படுத்துறானாம். மறுபடியும் கையைத் தூக்கு, வாசி, தழை. சாயங்காலம் வரைக்கும் இதே பொழைப்பு. எனக்கு டீகூட வரலை, அது ரெண்டு கட்டு அகத்தி தின்னு தீர்த்துது. கடைசியில நான் கையைத் தூக்கினாலே என்னை ஒரு மாதிரி பாசமாப் பார்க்க ஆரம்பிச்சுருச்சு. ஆனா சத்தம்? ம்ஹும்.

சுகவனம் சார் மூஞ்சி தொங்கிப்போச்சு. 'பேக்கப். டம்மியையே வெச்சுக்கலாம்.'

இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்குங்க. டம்மியையே வெச்சுக்கலாம். அந்த வார்த்தையைக் காதால கேக்கத்தான் நான் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கினேன். வெளிய வந்து ரோஸ்லினுக்குப் போன் பண்ணேன். 'ஏய், இந்தத் தடவை நான் இருக்கேன்.' அவ ஏதோ டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டுது. அப்புறம், 'காபித்தூள் தீர்ந்துருச்சு, வாங்கிட்டு வாங்க, அப்பாவை வரச் சொல்றேன்'னா.

பாட்டு வந்தது. மாமனார் வந்து உக்காந்தார். நான் விரலைத் தூக்கினேன். 'பூட்டைத் தொறந்துட்டுப் போ...' இப்ப வரும் பாருங்க மாமா. இப்ப.

'மே... ஏ... ஏ.'

வந்துட்டேன் சார். முழுசா, யாரும் மேல ஏறி உக்காராம. மாமனார் காபி டம்ளரைக் கீழே வெச்சார்.

'இதுல நீங்க எங்க மாப்ளே?'

'இப்ப வந்துச்சே மாமா, அதான்.'

'அது ஆடு.'

'ஆடு மாதிரி. நான் வாசிச்சது.'

அவர் என்னைப் பரிதாபமாப் பார்த்தார். 'மாப்ளே, ஆயுசு பூரா ஆட்டோட நின்னவன் நான். அது பொட்டை ஆடு. குட்டி போட்டு ஒரு மாசம் ஆகியிருக்கும். குட்டியைக் காணோம்னு தேடுது. இதைப் போய் நீங்க வாசிச்சேன்னு சொல்றீங்களே. வேற எங்கயாச்சும் வேலைக்குச் சொல்லட்டுமா?'

எப்படி இருக்கும் எனக்கு? குட்டி போட்ட ஆடாம். அந்த அளவுக்கு ஒரு மனுசன் என்னைக் கேவலப்படுத்துறார்.

அதோட போச்சா? மறுவாரம் டிவியில சுகவனம் சார் பேட்டி. பின்னாடி பெருசா போட்டோ, மல்லிகா மைக் முன்னாடி நிக்குது. 'குடியாத்தத்துலேர்ந்து ஒரு நிஜ ஆட்டை வரவழைச்சோம், ஒரே டேக்ல பாடிருச்சு'ங்கிறார். கூச்சமே இல்லாம. நேரா ஸ்டூடியோவுக்குப் போனேன்.

'சார், அது கீபோர்டுன்னு டிவியில சொல்லுங்க.'

'மாசி, ஜனங்களுக்கு ஆடுதான் பிடிச்சிருக்கு. யூனிட் பூரா ஆடு ஆடுன்னுதான் பேசுறாங்க. நான் இல்லைன்னா நம்புவாங்களா?'

'சரி, பாதி ஆடு, பாதி கீபோர்டுன்னு சொல்லுங்க.'

'அதெப்படி?'

'பாட்டுல நாலு எடத்துல மே வருது. ரெண்டை அதுக்குக் குடுங்க, ரெண்டை எனக்குக் குடுங்க. சரி விடுங்க, மூணு அதுக்கு. கடைசி மே, அந்தத் தேம்பல் இருக்கே, அது மட்டும் எனக்கு.'

'தேம்பல்தான் மாசி எல்லாருக்கும் பிடிச்சிருக்கு'ன்னுட்டு தலையைத் திருப்பிக்கிட்டார். யூனிட்டுக்கு யார் சொன்னதுன்னு கேட்டேன். கிருபாநிதியைக் கை காட்டினார். கிருபாநிதியைப் பிடிச்சு உலுக்கினேன். 'எனக்குச் சொன்னாங்கண்ணே'ன்னு முழிக்கிறான். யார்றா சொன்னதுன்னா என்னையே பார்க்கிறான். யாரையோ காப்பாத்துறான் சார். பெரிய ஆளா இருக்கணும்.

இப்ப நேத்துக் கதைக்கு வர்றேன். மல்லிகா ஊர்ல திருவிழா. பாராட்டு விழா வேற, மல்லிகாவுக்கு. திருவிழாவுல அந்த ஊர் ஆடு மேடை ஏறுறது இதான் முதல் தடவையாம், வழக்கமா வேற இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. லைட் மியூசிக் கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டுட்டு ஒரு கண்டிசன்: 'பாட்டு முழுக்க நீங்க வாசிங்க. மே வர்ற இடத்துல மட்டும் கையை எடுத்துருங்க. மல்லிகா நேர்ல பாடுவா.'

உடனே ஒத்துக்கிட்டேன். ஏன் தெரியுமா? அது பாடாது. அதான் நான் பார்த்தேனே. சொந்த ஊர்ல கூச்சம் போயிரும்னு ஏகாம்பரம் நம்பினார், பாடவே பாடாதுன்னு எனக்குத்தான் தெரியும். மேடையில முழிப்பாங்க. அப்ப என்கிட்டத்தான் வந்தாகணும். வரும்போது சொல்லுவேன் என் விலையை. மாமனாரையும் ரோஸ்லினையும் கையோட கூட்டிட்டு வந்து முதல் வரிசையில உக்கார வெச்சேன். சாட்சி வேணும்ல.

சாயங்காலம் கச்சேரி. மல்லிகா வருது, கழுத்துல ரோஜா மாலை, கொம்புல ஜிகினா. பக்கத்துல ஏகாம்பரம் மைக்கோட. பாட்டு ஆரம்பிச்சது. பல்லவி. 'பூட்டைத் தொறந்துட்டுப் போ.' நான் கையை எடுத்து மார்ல கட்டிக்கிட்டேன். ஏகாம்பரம் மைக்கை மல்லிகா வாயில நீட்டுறார்.

ஒண்ணும் இல்லை. அது மாலையில இருந்து ஒரு ரோஜாவைப் பிடுங்கித் தின்னுது.

பாடகர் சமாளிச்சு மறுபடியும், 'பூட்டைத் தொறந்துட்டுப் போ.' மைக். ரோஜா. கூட்டத்துல சலசலப்பு. மறுபடியும் பூட்டைத் தொறக்கிறார். ஏகாம்பரம் நைசா என் பக்கம் நகர்ந்து வந்து குனிஞ்சார்.

'மாசி சார், கொஞ்சம் வாசிங்க, மானம் போகுது.'

'முதல்ல மைக்ல சொல்லு. இந்த மே ஆடு இல்லை, கீபோர்டு சார்லஸ் மாசிலாமணின்னு.'

'ஊர்ல என்னை அடிப்பாங்க சார்.'

பாடகர் பூட்டைத் தொறக்கிறார்.

'சரி, ஆடும் சார்லஸ் மாசிலாமணியும்னு சொல்லு.'

'ஆட்டோட பேரும் உங்க பேரும் ஒண்ணா வந்தா உங்களுக்கே நல்லா இருக்குமா?'

'அதை நான் பார்த்துக்கிறேன். சொல்லு.'

'பேரை மட்டும் சொல்றேன் சார், வேற எதுவும் வேணாம்.'

பாடகர் பூட்டைத் தொறந்துட்டே இருக்கார். டிரம்ஸ்காரன் என்னைக் கொலைவெறியோட பார்க்கிறான். நான் அசையலை. பேரத்துல முதல்ல அசையுறவன் தோத்தான்.

'இனிஷியலோட சொல்லணும்'னேன்.

ஏகாம்பரம் நெத்தி வேர்வையைத் துடைச்சுட்டு மைக்கைத் தூக்கினார். 'பெரியோர்களே, கீபோர்டு... எஸ். சார்லஸ் மாசிலாமணி அவர்கள்!'

அப்படியே ஊரே திரும்பி என்னைப் பார்க்குது சார். முதல் வரிசையில மாமனார் எந்திரிச்சே நின்னுட்டார். நான் சட்டைக் கையை மடிச்சேன். ஆட்டு பட்டனை அமுக்கினேன். கையை மெதுவா, நல்லா எல்லாருக்கும் தெரியற மாதிரி, மேல தூக்கினேன்.

மல்லிகா என் கையைப் பார்த்துச்சு.

'மே... ஏ... ஏ.'

சுருதி சுத்தம். அதே கரகரப்ரியா. கடைசியில அந்தத் தேம்பல். என் விரல் இன்னும் கட்டையைத் தொடவே இல்லை, மேலயே நிக்குது.

கூட்டம் விசிலடிச்சு நாற்காலி மேல ஏறிருச்சு. அது பாடிட்டு நேரா என்கிட்ட ஓடி வந்து என் கையை மோந்து பார்த்து நக்குது. எதையோ தேடுற மாதிரி. ஸ்டூடியோவுல ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காத கழுதை, என் பேரைச் சொன்ன அந்த நிமிசத்துல எதுக்கு சார் கத்தணும்? வேணும்னே பண்ணுது. பொறாமை. 'உங்க கையைத் தூக்கினதும் கத்துது பாருங்க, நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க'ன்னு ஏகாம்பரம் என் முதுகைத் தட்டிக் குடுக்கிறார்.

கீழே இறங்கி வந்தேன். மாமனார் என் தோள்ல கை போட்டார். கல்யாணமாகி நேத்துத்தான் தோள்ல கை போடுறார்.

'நான்தான் அன்னைக்கே சொன்னேனே மாப்ளே. பொட்டை ஆடு.'

காலையில எனக்கு ரெண்டு போன். ரெண்டும் கல்யாண வீடு. 'ஆட்டுக்கார மாசிங்களா? ரிசப்சனுக்கு ஆட்டைக் கூட்டிட்டு வருவீங்களா?'ங்கிறான். கீபோர்டு கொண்டு வர்றேன்னா, 'அது வேணாம், எங்க ஆளே இருக்கான்'ங்கிறான். பஸ் ஸ்டாண்டுல இட்லி வாங்கினோம். ரெண்டாவது வாயே தொண்டையில அடைச்சுக்கிச்சு, தண்ணி குடிச்சும் இறங்கலை. ரோஸ்லின் முதுகைத் தடவிட்டு, 'விடுங்க, அது நீங்கதான்னு எனக்குத் தெரியும். பாட்டுல முதல்தடவை கேட்டப்பவே தெரிஞ்சுது. நீங்க கோவிச்சுக்கிட்டு சாப்பாடு வேணாம்னு சொல்லும்போது கடைசியில அப்படித்தான் தேம்புவீங்க'ங்கிறா. நீ நம்பி என்னடி ஆகப்போகுதுன்னுட்டேன். அவ நம்புறது கணக்குல வராது சார், அவ வீட்டு ஆளு.

அதோ பாருங்க, மூணு சீட்டு முன்னாடி, வெயில்லயும் மங்கி குல்லா. அவர்தான் மாமனார், ரோஸ்லின் லேடீஸ் சீட்டுல. பக்கத்துல உக்காந்திருக்கிறவர்கிட்ட செல்போன்ல மல்லிகா போட்டோவைக் காட்டிப் பேசிட்டு வர்றார். 'எங்க மாப்ளை பழக்கின ஆடு'ங்கிறார். காது குடுத்தா இங்கேயே கேக்கும். எங்க மாப்ளைன்னு சொல்லிட்டார் சார். நான் கேட்ட வார்த்தை வந்துருச்சு. ஆனா பின்னாடி ஒரு ஆட்டைக் கட்டிக்கிட்டு வந்துருச்சு.

என்ன சிரிக்கிறீங்க? யாரு? நானா? நான் எப்ப சொன்னேன்? கிருபாநிதிகிட்டயா? குடியாத்தம்னு நான்தான் சொன்னேனா?

சார், அது கோவத்துல சொன்னது. கோவத்துல சொன்னதெல்லாம் சொன்னதுல சேராது. நல்லாப் படிச்சவர் நீங்க இப்படிப் பேசலாமா? நான் கேக்கிறது, நிதானமா, தெளிவா, திட்டம் போட்டு அதை ஆடுன்னு முதல்ல சொன்னானே, அந்த ஆளை. கிருபாநிதி பேர் சொல்லப் பயப்படுறானே, அந்த ஆளை. பெட்டியை நகர்த்தாதீங்க, உங்க பக்கம் சரியுது.

அவனை நான் அடிக்கப்போறதில்லை. பேரம்கூடப் பேசமாட்டேன், இந்த ஒரு விசயத்துல மட்டும். அவன் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இந்த பஸ் சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள வந்து, அந்த மங்கி குல்லாவைக் கொஞ்சம் தூக்கி, அந்தக் காதுல சொல்லணும்: 'ஐயா, அது ஆடு இல்லீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அது உங்க மாப்ளை.' அவ்வளவுதான். எவனா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, எந்திரிச்சு வரட்டும். மலையேறச் சொல்லலை, கடல் தாண்டச் சொல்லலை.

மூணு சீட்டு சார். மூணே சீட்டு.